ஸ்டாக்ஹோம் பக்கம் இயற்கையாக உறைந்த ஏரியில் ஸ்கேட்டிங்: எங்கே தேடுவது, எப்போது நம்புவது?

கேள்வி இது: ஸ்டாக்ஹோமுக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். ரிங்க்கில் ஓரளவு ஸ்கேட் செய்யத் தெரியும். ஊரைச் சுற்றி இத்தனை ஏரிகள் இருக்கின்றன. தானாக உறைந்த ஏரியை எப்படிக் கண்டுபிடிப்பது, அது ஆளைத் தாங்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா?

முதலில் ஏரியைத் தேடுவதை விடுங்கள். தேட வேண்டியது வானிலையை. ‘ஸ்கேட்டிங்குக்கு நல்ல ஏரி’ என்று குளிர்காலம் முழுக்க ஒன்று இருக்காது. நவம்பர் கடைசியில் கண்ணாடியாக இருந்த காட்டு ஏரி, ஒரே இரவு கொட்டிய பனியால் ஜனவரி முடியும்வரை உதவாமல் போகும். அதே சமயம் டிசம்பரில் அலையடித்துக் கிடந்த பெரிய ஏரியின் விரிகுடா ஜனவரி நடுவில் பிரமாதமாக உறைந்திருக்கும். இங்கே நெடுங்காலமாகப் போகிறவர்கள் குறித்து வைப்பது மூன்று விஷயம்: எந்த நீர் எந்தத் தேதியில் உறைந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு குளிர் அடித்தது, எவ்வளவு பனி விழுந்தது.

எது முதலில் உறையும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது. நீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாக இருக்கும். இலையுதிர் காலத்தில் மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்க, அடிநீர் மேலே வர, ஏரி முழுக்கக் கலங்கிக்கொண்டே இருக்கும். மொத்த நீரும் 4 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் மேல்பரப்பு மட்டும் தனியாகக் குளிர்ந்து உறைய ஆரம்பிக்கும். மூன்று நான்கு மீட்டர் ஆழமுள்ள குட்டிக் காட்டு ஏரியில் இது சீக்கிரம் முடிந்துவிடும். தெற்கே இருக்கும் வெத்தெர்ன் ஏரியின் சராசரி ஆழமே ஏறக்குறைய 40 மீட்டர், ஆழமான இடத்தில் 128 மீட்டர். அது முழுக்க உறைவது அபூர்வம். நம்மூர் மேலாரென் ஏரி சுமார் 1,140 சதுர கிலோமீட்டர். அதை ஒரே ஏரியாக நினைக்கக் கூடாது. ஆழம் குறைந்த ஒடுக்கமான விரிகுடாக்கள் முன்னால் உறையும், திறந்த பரப்புகள் பல வாரம் பிந்தும், சில குளிர்காலங்களில் உறையவே உறையாது.

அதனால் வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும். நவம்பர் பிற்பாதியில் மேட்டுநிலத்தில், காடு சூழ்ந்த சிறிய ஏரிகள். டிசம்பரில் நடுத்தர ஏரிகள். ஜனவரியில் மேலாரென் விரிகுடாக்கள். நல்ல குளிர் வருடமாக இருந்தால் பிப்ரவரியில் கடலோரத் தீவுக்கூட்டம். மார்ச்சில் வெயில் ஏறிய பிறகு வேறு கணக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். மிதமான வருடத்தில் இந்த வரிசையில் பாதி நடக்கவே நடக்காது. அப்போது வடக்கே காரில் போக வேண்டியதுதான்.

குளிர் மட்டும் இருந்தால் போதாது, காற்றும் அடங்க வேண்டும். மைனஸ் 6 டிகிரி அடித்தாலும் காற்று வீசிக்கொண்டிருந்தால் பெரிய பரப்பு மூடாது. மேகமில்லாத, காற்றில்லாத ஒரு இரவு வந்தால் ஒரே மூச்சில் மூடிவிடும். அந்த இரவின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையைப் பாருங்கள். இரவின் அடிமட்ட வெப்பநிலையைப் பார்த்து ஏமாறுவதுதான் வழக்கமாக நடப்பது. இரவு மைனஸ் 8, பகல் பிளஸ் 2 என்றால் அது வெறும் மைனஸ் 3 நாள். சராசரி மைனஸ் 5 நீடித்து, மேலே பனியும் இல்லாவிட்டால், புது ஐஸ் முதல் சில நாட்கள் தினம் சுமார் 2 செ.மீ. வளரும் என்று எடுத்துக்கொள்ளலாம். தடிக்கத் தடிக்க வேகம் குறையும். முதல் 5 செ.மீ.க்கு எடுத்த நேரத்தைவிட அடுத்த 5 செ.மீ.க்கு அதிகமாகவே ஆகும். இந்தக் கணக்கு ‘போய்ப் பார்க்கலாமா’ என்று முடிவு செய்ய மட்டும்தான். ஐஸில் கால் வைக்க இது போதாது.

ஏரி உறைந்த நாளுக்கும் முதல் கனத்த பனிப்பொழிவுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் பொன்னான நாட்கள். சில வருடம் பத்து நாள் கிடைக்கும், சில வருடம் இரண்டே நாள். மெல்லிய ஐஸ் மேல் 10 செ.மீ. பனி விழுந்தால் இரண்டு கெடுதல். பனி குளிரைத் தடுப்பதால் கீழே ஐஸ் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அதன் பாரத்தில் ஐஸ் அமிழ்ந்து, விரிசல் வழியாக நீர் மேலே ஏறி, பனியோடு கலந்து சேறாகும். அது உறைந்தால் வெள்ளை ஐஸ், மேடும் பள்ளமுமாக. ஆனால் பனி விழுந்துவிட்டதே என்று ஸ்கேட்டை மூட்டைகட்டி வைக்க வேண்டாம். அடுத்து ஒரு மழையோ, இரண்டு நாள் பிளஸ் வெப்பநிலையோ வந்து பனி மொத்தமும் கரைந்து, மறுபடி மைனஸ் 5க்கு இறங்கினால், சாம்பல் நிறத்தில் பரந்த வழவழப்பான பரப்பு கிடைக்கும். ஊரே மழையைத் திட்டும் வாரத்தில் ஸ்கேட் ஆட்கள் மட்டும் குஷியாக இருப்பது இதனால்தான்.

இனி வீட்டிலிருந்தே தேடுவது. வானிலைக்கு ஸ்வீடனின் அரசு வானிலை நிறுவனமான எஸ்எம்எச்ஐ போதும். வெப்பநிலையோடு காற்று, பனி அளவு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஐரோப்பாவின் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கோப்பர்னிக்கஸ் பிரவுசர் என்னும் இணையதளத்தில் சென்டினல்-2 படம் 10 மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும். இந்த அட்சரேகையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு படம் வரும், மேகம் வழிவிட வேண்டும். டிசம்பரில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நிற்பதால் படம் மங்கலாக, நீண்ட நிழல்களோடு இருக்கும். படத்தில் கறுப்பாகத் தெரிவது திறந்த நீரா, நமக்கு வேண்டிய கறுப்பு ஐஸா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. லேசாகப் பனி தூவிய மறுநாள் படத்தைப் பாருங்கள். ஐஸ் இருந்த இடம் வெளுத்திருக்கும், நீர் கறுப்பாகவே நிற்கும். அந்தப் படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் எது எப்போது மூடியது என்பது பிடிபடும். மேகமான வாரங்களில் சென்டினல்-1 ரேடார் படம் உண்டு. ஆனால் வழவழப்பான ஐஸும் சலனமற்ற நீரும் அதில் ஒரே மாதிரி இருண்டு தெரியும், புதியவர்களுக்கு அது குழப்பம்தான்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது நேற்று அங்கே போனவரின் அறிக்கை. 1901இல் தொடங்கிய ஸ்டாக்ஹோம் ஸ்கேட்டிங் கிளப், சுருக்கமாக எஸ்எஸ்எஸ்கே, தன் உறுப்பினர்களுக்கு ஐஸ் அறிக்கை தருகிறது, தலைவர் வைத்து வேக வாரியாகக் குழுக்களை அழைத்துப் போகிறது. திறந்தவெளிப் பொழுதுபோக்குகளை வளர்க்கும் ஃப்ரிலுஃப்ட்ஸ்ஃப்ரேம்யாண்டெட் அமைப்பிலும் பயிற்சி உண்டு. முதல் வருடம் தனியாகத் தேடுவதைவிட இப்படி ஒரு குழுவில் சேர்ந்து போவதையே சொல்வேன். தலைவர் எங்கே நிற்கிறார், எங்கே வளைந்து போகிறார், எதைத் தட்டிப் பார்க்கிறார் என்று அருகிலிருந்து பார்ப்பதற்கு ஈடு கிடையாது. அறிக்கையைப் படிக்கும்போது தேதியும் இடமும் முக்கியம். ‘இந்த விரிகுடாவின் வடகரை, 9 செ.மீ., வியாழன்’ என்பது தகவல். ‘ஏரி சூப்பரா இருக்கு’ என்பது தகவலே இல்லை.

கரைக்குப் போனதும் முதல் வேலை தடிமன் பார்ப்பது. ஐஸ் பாதுகாப்பு மன்றமான ஈஸ்செகர்ஹெட்ஸ்ரோடெட் சொல்வது, குறைந்தது 10 செ.மீ. கறுப்பு ஐஸ். கறுப்பு ஐஸ் என்றால் நீர் நேரடியாக உறைந்து, உள்ளே தெளிவாக, அடியில் ஏரி தெரியும்படி இருப்பது. இங்கே ஷேர்ன்ஈஸ் என்பார்கள். வெள்ளை ஐஸைப் பாதித் தடிமனாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தாங்கும் எடை தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் இறங்கும். தெளிவான ஐஸுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயச் சூத்திரம், செ.மீ. தடிமனை அதே எண்ணால் பெருக்கி, அதை 3.5ஆல் பெருக்கினால் கிலோ. 10 செ.மீ. என்றால் 350 கிலோ. 5 செ.மீ. என்றால் 87 கிலோதான், அதாவது பையோடு நிற்கும் ஒரே ஆள், மிச்சம் எதுவும் கிடையாது. அனுபவசாலிகள் 5 செ.மீ.யில் போகிறார்கள் என்று கேள்விப்படுவீர்கள். உண்மைதான். அவர்கள் ஒருவருக்கொருவர் தள்ளி, நொடிக்கு நொடி தட்டிக்கொண்டு, விழுந்தால் என்ன செய்வது என்று பழகிவிட்டுப் போகிறார்கள்.

தட்டும் கோலுக்கு ஈஸ்பீக் என்று பெயர், கடையில் அப்படியே கேளுங்கள். ஏறக்குறைய நெஞ்சுயரக் கோல், நுனியில் எஃகுக் கூர்முனை. உங்களுக்கு முன்னால் ஒரு எட்டு தள்ளி ஓங்கிக் குத்த வேண்டும். ஒரே குத்தில் ஓட்டை விழுந்தால் பின்வாங்குங்கள். எத்தனை குத்துக்கு எத்தனை செ.மீ. என்பது கோலின் எடையையும் உங்கள் கைப் பலத்தையும் பொறுத்தது. அதனால் முதல் நாள் முழங்கால் ஆழக் கரையோரத்தில் நின்று குத்தி, ஓட்டையில் அளவுகோல் விட்டு அளந்து, உங்கள் கைக்கு உங்கள் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையிலிருந்து நீர் பொங்கி மேலே பரவினால், ஐஸ் பனியின் பாரத்தில் அமிழ்ந்திருக்கிறது என்று பொருள்.

கண்ணாலும் படிக்கலாம். கறுப்பு ஐஸில் விரிசல்கள் வெள்ளைத் தகடுகளாகச் செங்குத்தாக இறங்கியிருக்கும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் தகடு எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரியும். ஒளிவிலகலால் அது உண்மையைவிட ஆழம் குறைவாகவே தெரியும், அது நமக்கு நல்லதுதான். விரிசலே இல்லாத பளபளக் கறுப்பைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், அது நேற்றிரவு மூடியதாக இருக்கலாம். மீன் பிடிக்கிறவர்கள் துளைத்த ஓட்டை கண்ணில் பட்டால் அளந்து பார்க்க வசதி.

காதும் ஒரு கருவி. ஐஸ் மெலிய மெலிய ஸ்கேட்டின் ஒலி உச்ச ஸ்தாயிக்கு ஏறும். போய்க்கொண்டிருக்கும்போது சுருதி ஏறினால் அங்கேயே நின்று தட்டுங்கள். முன்னால் போகிறவரின் ஸ்கேட் ஒலி, தள்ளி வரும் உங்களுக்குத்தான் தெளிவாகக் கேட்கும், அதனால் அவருக்குக் குரல் கொடுப்பது உங்கள் பொறுப்பு. இதற்கு மாறாக, கடுங்குளிர் மாலையில் ஏரி முழுக்க ‘டூம்’ என்று உறுமும். அது தடித்த ஐஸ் சுருங்கி விரிசல் விடும் சத்தம். வயிற்றைக் கலக்கும், ஆனால் அதனால் ஆபத்தில்லை.

சரி, 12 செ.மீ. அளந்தாயிற்று. அந்த எண் அந்த இடத்துக்கு மட்டும்தான். ஒரே ஏரியில் நூறு மீட்டர் தள்ளி 3 செ.மீ. இருக்கும். ஓடை சேருமிடம், ஏரி வழியுமிடம், பாலத்தடி, இரு கரை நெருங்கும் ஒடுக்கம், நீருக்குள் நீளும் நிலமுனை, இவற்றில் நீரோட்டம் அடியிலிருந்து ஐஸைத் தின்னும். நாணல் புதருக்குள் அழுகும் தாவரங்களின் வாயுவும், தண்டுகள் இழுக்கும் வெப்பமும் சேர்ந்து ஐஸை மெலிவாக்கும். படகுத்துறைகளில் தூண் சேதமாகாமல் இருக்கக் காற்றுக்குமிழி விடுவார்கள், அங்கே திறந்த நீரே இருக்கலாம். பெரிய ஏரிகளில் ஐஸ் விரிந்து முட்டி மடியும் நீண்ட வரப்பு போன்ற விரிசல்கள் இருக்கும். அதைத் தாண்டுமுன் இரு பக்கமும் தட்டி, ஒவ்வொருவராகப் போக வேண்டும்.

மிக மோசமானது கடைசியாக மூடிய ஓட்டை. காற்று ஒரு வட்டத்தை மட்டும் பல நாள் திறந்தே வைத்திருக்கும். சுற்றிலும் சாம்பல் நிறத்தில் 10 செ.மீ. பழைய ஐஸ். காற்று நின்ற இரவில் நடு வட்டம் மூடும். மறுநாள் காலையில் பார்த்தால் ஏரியிலேயே அழகான பரப்பு அதுதான், கரேலென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். தடிமன் 2 செ.மீ. நிறம் மாறும் ஒவ்வொரு கோட்டிலும் நின்று தட்டச் சொல்வது இதற்காகத்தான். பழைய ஸ்கேட் தடங்களையும் நம்ப வேண்டாம். நேற்றைய குளிரில் யாரோ ஒருவரைத் தாங்கியது என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

மேலாரெனில் கூடுதலாகக் கப்பல் தடம் ஒன்று உண்டு. வெஸ்டெரோஸ் துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் குளிர்காலம் முழுக்கப் போய்வரும், ஐஸ் உடைப்பான் வழி திறந்துகொண்டே இருக்கும். உடைந்த கட்டிகள் மறுபடி உறைந்து, நடக்கலாம் போலத் தோன்றும். அதைக் குறுக்கே கடக்க முயலவே கூடாது. கடல் பக்கம் நீர் லேசான உப்பு. உப்பு ஐஸ் அதே தடிமனில் பலம் குறைவு. விரிசல் ஒலி எழுப்பி எச்சரிக்காமல் வளைந்து கொடுத்து, பிறகு ஒரேயடியாக விடும். முதல் இரண்டு வருடம் நன்னீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கருவிகளில் ஸ்கேட்டைவிட மற்றவைதான் முக்கியம். ஈஸ்டுப்பார் என்னும் கைக்கூர் ஆணி ஜோடி, கழுத்தை ஒட்டி உயரத்தில் மாட்டியிருக்க வேண்டும். தொப்புள்வரை தொங்கினால் நீரில் முதுகுப்பக்கம் மிதந்து போய்விடும். இருபது மீட்டர் எறிகயிறு, பையின் இடுப்புப் பட்டையில், உறைந்த விரலாலும் எடுக்கும்படி. முதுகுப்பையில் நீர்புகா உறைக்குள் முழு மாற்றுடை. அந்தப் பைதான் உங்கள் மிதவையும். தொடையிடைப் பட்டை இல்லாவிட்டால் பை தலைக்கு மேல் ஏறி முகத்தை நீருக்குள் தள்ளும், பட்டையைத் தைத்தாவது வையுங்கள். விசில், ஹெல்மெட், முழங்கால் காப்பு, நீர்புகா உறைக்குள் போன். ஸ்கேட்டைப் பொறுத்தவரை, ரிங்க்கில் போடும் ஹாக்கி ஸ்கேட்டின் குட்டைத் தகடு விரிசலில் சிக்கும். இங்கே 40 முதல் 55 செ.மீ. நீளத் தகடு, முன்முனை மேல்நோக்கி வளைந்தது, நடைபயண பூட்ஸில் மாட்டிக்கொள்ளும் வகையும் கிடைக்கும். முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்.

விழுந்துவிட்டால்? முதல் நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். அதை அடக்குவது ஒன்றே அந்த நிமிடத்தின் வேலை. அடுத்து ஏறக்குறைய பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். வந்த திசைக்குத் திரும்புங்கள், உங்களைத் தாங்கிய ஐஸ் அங்கேதான் இருக்கிறது. ஆணிகளை எட்டிக் குத்தி, கால்களைப் பின்னால் உதைத்து உடலைக் கிடையாக்கி, வயிற்றால் வழுக்கி ஏறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டோ தவழ்ந்தோ விலகுங்கள். கூட வந்தவர் ஓடி வரக் கூடாது. நின்ற இடத்தில் படுத்துக் கயிற்றை எறிய வேண்டும், 112ஐ அழைக்க வேண்டும். ஏறியதும் அங்கேயே உடை மாற்ற வேண்டும், ‘கார் பக்கத்துலதானே’ என்று நடக்கத் தொடங்கக் கூடாது. தனியாகப் போகவே கூடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மார்ச் கணக்குக்கு வருகிறேன். வெயில் ஐஸின் படிகங்களுக்கு இடையே புகுந்து கரைக்கும். 30 செ.மீ. தடிமன் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே விளக்குமாற்றுக் குச்சிகளை நிறுத்திவைத்தது போல ஒட்டுறவில்லாமல் நிற்கும். கோலால் குத்தினால் பொலபொலவென்று நுழையும். மைனஸ் இரவுக்குப் பிறகு காலை எட்டு மணிக்குக் கல்லாக இருந்தது பிற்பகலில் விட்டுவிடும். அந்த மாதத்தில் தடிமனை அளந்து பயனில்லை, மணியைப் பார்த்து முற்பகலிலேயே கரையேற வேண்டும்.

வழி அமைப்பது பற்றி ஒரு வார்த்தை. காற்றை முதுகில் வாங்கும்படி திட்டமிட்டு, ரயிலில் திரும்புங்கள். போல்ஸ்டா பென்டல்டோக் (புறநகர் ரயில்) நிலையம் மேலாரெனுக்கு நடை தூரம்தான். இயற்கையில் எவரும் நடமாடலாம் என்னும் அல்லெமன்ஸ்ரெட்டென் உரிமைப்படி எந்த ஏரி ஐஸிலும் போகலாம், கரையில் ஒருவர் வீட்டு வளாகத்துக்குள் புகுந்து போகக் கூடாது. ‘இந்த ஏரி திறந்திருக்கிறது’ என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள், போவது உங்கள் பொறுப்பு.

பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்றால், தட்டிப் பார்த்துப் போகும் காட்டு ஐஸுக்கு வேண்டாம். இயற்கை ஏரியில் பனி தள்ளி, தடிமன் அளந்து பராமரிக்கும் தடங்கள் இருக்கின்றன. நக்காவில் ஹெல்லாஸ்கோர்டென் பக்கத்து ஷெல்தோர்ப்ஷோன், சோலென்டூனாவில் நோர்விக்கென், கொஞ்சம் தூரம் போனால் ஃபாலுனில் ருன். ஐஸ் தாங்கும் காலத்தில் தடத்தின் நிலையை நகராட்சியோ பராமரிப்பவரோ வெளியிடுவார்கள், அன்று காலைப் பதிவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹெல்மெட்டும் ஈஸ்டுப்பாரும் பிள்ளைக்கும் வேண்டும், சூடான பானம் கட்டாயம். தடத்தின் ஓரத்தில் குவித்த பனிமேட்டைத் தாண்டி விளையாட விடாதீர்கள். பனி தள்ளிய தடத்தில் ஐஸ் குளிர்வாங்கி நன்றாகத் தடிக்கும், மேட்டின் கீழே பாரத்தில் அமிழ்ந்து, ஈரமாக, விரிசல் விட்டு, மெலிந்தே கிடக்கும்.